கூழ்ப் பானையின் கோளாறுகள்

தானியத்தைப் புளிக்க வைத்துக் குடிப்பது பற்றிய புத்தகம் என்றதும், "அப்போ பீர் காய்ச்சுறதும் இருக்கும்ல?" என்று கண்ணடிப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு அது இல்லை. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் அமலான மாவட்டம் சேலம். நாள், 1937 அக்டோபர் 1. எலவனாசூர்கோட்டையிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம். அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பல திருத்தங்களோடு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக இன்றும் நிற்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம். வீட்டுக்குத்தான், ஒரு குடம்தான், வெறும் பீர்தான் என்ற சமாதானம் எதுவும் அங்கே எடுபடாது. வீட்டில் பீர் காய்ச்ச அனுமதியுள்ள ஊர்களில் இருக்கும் உறவினர்களுக்காக அத்தியாயத்தின் பிற்பகுதியில் சில பத்திகள் உண்டு.

அதனால் இந்த ஊர் வாசகர் இழப்பது ஒன்றும் பெரிதல்ல. பீர் உருவாகும் வித்தையில் பாதி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. சிக்கிமிலும் நேபாளத்திலும் இதே கேழ்வரகை அவித்து, ஈஸ்ட் கலந்த உறைவில்லையைத் தூவி மூடி வைக்கிறார்கள், அது போதைப் பானம் ஆகிறது. உகாண்டாவிலும் கேழ்வரகில் பீர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் மக்காச்சோளக் கஞ்சியைப் புளிக்க வைத்து மஹேவு என்று குடிக்கிறார்கள், அதில் போதை கிடையாது. உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கேழ்வரகு கூழாகிறது. ஈஸ்ட் முந்தினால் சாராயம் சேரும், புளிப்புப் பாக்டீரியா முந்தினால் கூழ்.

முந்தினால் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். கூழ்ப் பானைக்குள் நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். அதில் நமக்கு வேண்டியவன் ஜெயிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் ஜெயிக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கோளாறுகளும் அவன் தாமதமாகக் கிளம்பியதாலோ, வேறு ஒருவன் முந்தியதாலோ, ஜெயித்த பிறகும் பந்தயத்தை நிறுத்தாமல் விட்டதாலோ வருபவை.

உள்ளே என்ன நடக்கிறது

மாவைத் தண்ணீரில் கரைத்த முதல் சில மணி நேரத்தில் பலவகைக் கிருமிகளும் பெருகும். மாவோடு வந்தவை, கையோடு வந்தவை, தண்ணீரோடு வந்தவை. பிறகு லூகோனோஸ்டாக், வைசெல்லா, லாக்டோபேசில்லஸ் போன்ற லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் மேலே வருகின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் இந்தக் குடும்பம்தான். இவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. 6-க்கு மேல் இருந்த பி.எச். அளவு 4-ஐ நோக்கி இறங்குகிறது. 4.5-க்குக் கீழே போய்விட்டால் நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே பிழைப்பில்லை. ஈஸ்ட்டுக்கு அமிலம் ஒரு பொருட்டல்ல. அது மெதுவாகப் பின்னால் வரும். அதற்கும் பின்னால், காற்றுப் பட்டால், காடிப் பாக்டீரியா.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: 4.5-க்குச் சீக்கிரம் போய்ச் சேருவது, ஈஸ்ட் கூட்டம் கூடுவதற்குள் குடித்து முடிப்பது. பி.எச். தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நாக்கைத் தவிர வேறு கருவியை நம்பாத பாட்டிமார் வீட்டில் இருந்தால் தாள் தேவையில்லை. மற்றவர்கள் முதல் சில தடவை வாங்கிப் பாருங்கள்.

ஒழுங்காக வந்தால் எப்படி வரும்

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் சரியான கூழ் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அரைக் கிலோ கேழ்வரகு மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கட்டி தட்டாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, முந்தின நாள் கூழில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, மண்சட்டியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டுங்கள். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பதினாறு மணிக்கு மேலும் ஆகும். வெள்ளிமலைப் பக்கம் மலை மேல் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மேலே தெளிந்த நீர் நிற்கும், கலக்கினால் பொடிக் குமிழ் வரும், புளித்த வாசனை சுத்தமாக இருக்கும்.

அடுத்து 150 கிராம் அரிசி நொய்யை இரண்டு லிட்டர் தண்ணீரில் குழைய வேக விட்டு, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கைவிடாமல் கிண்டுங்கள். தீ மட்டாக இருக்கட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நிறம் கறுத்து, பச்சை வாசனை போய், ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும். இறக்கி ஆற விடுங்கள். விரல் வைத்தால் சுடாத சூட்டுக்கு வந்ததும் இன்னொரு கரண்டி பழங்கூழைக் கலந்து, இரவு முழுவதும் துணி மூடி வையுங்கள். காலையில் வேண்டிய அளவு எடுத்து, உப்புப் போட்டு, மோரோ தண்ணீரோ விட்டுக் கரைத்தால் கூழ். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு அவரவர் விருப்பம். மாங்காய் இருக்கும் மாதத்தில் வேறு எதுவும் தேட வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டு தடவை புளிக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் புளிப்பு மாவில், இரண்டாவது வெந்த கூழில். அவசரக்காரர்கள் முதல் புளிப்பை விட்டுவிட்டுப் பச்சை மாவை நேரே வேக வைத்து இரவு மூடி வைக்கிறார்கள். குடிக்கலாம், ஆனால் சுவை ஒரு படி குறையும். அமிலம் ஏதும் இல்லாத வெந்த மாவு இரவெல்லாம் வெதுவெதுப்பாகக் கிடப்பதால் ஆபத்தும் ஒரு படி கூடும்.

புளிக்கவே மாட்டேன் என்கிறது

"அத்தை, விடிஞ்சும் மாவு வாசமே அடிக்குது. புளிச்ச மாதிரியே இல்ல."

"எந்தத் தண்ணியில கரைச்ச? நேத்து டேங்குல மருந்து போட்டாங்களே, அதுலயா?"

அத்தை பிடித்தது சரியான இடம். ஊராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்குப் பிடித்த நீர் பாக்டீரியாவைக் கொல்வதற்காகவே தயாரானது. அது நம் பாக்டீரியாவையும் விடாது. அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலோ, கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆற்றினாலோ குளோரின் பெரும்பாலும் போய்விடும். போர் தண்ணீர்க்காரர்களுக்கு வேறு சிக்கல். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் அந்த உப்புச் சத்து அமிலத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புளிப்பு உருவானாலும் பி.எச். இறங்காது. கொதிக்க வைத்து, வெள்ளை அடியில் படிந்ததும் மேல்நீரை மட்டும் எடுத்துக் கரையுங்கள். பீர் காய்ச்சுகிறவர்களும் இதே தண்ணீர்த் தகராறில்தான் பாதி நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

தண்ணீர் சரி என்றால் அடுத்த சந்தேகம் மாவு. வறுத்து அரைத்த மாவில் பாக்டீரியா குறைவு, அது தானாகப் புளிக்க நெடுநேரம் பிடிக்கும். பழங்கூழ் ஒரு கரண்டி விட்டால் எந்த மாவும் வழிக்கு வரும். முதன்முதலாகச் செய்கிறவர்களிடம் பழங்கூழ் இருக்காது. பக்கத்து வீட்டில் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் வீட்டுத் தயிரின் தெளிநீர் இரண்டு கரண்டி வேலை செய்யும். கொதிக்கும் கூழில் உறை ஊற்றுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு. 50 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஊற்றியது செத்துப் போகும், காலையில் பானையில் மிஞ்சுவது வெறும் களி.

கம்பங்கூழ் கசக்கிறது

கேழ்வரகில் இந்தப் புகார் வராது. கம்பில் வரும். கம்பில் கொழுப்பு ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, கேழ்வரகில் இரண்டுக்கும் கீழே. அரைத்ததும் கம்பின் லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். மாவு ஓரிரு வாரத்திலேயே காறல் அடித்துக் கசக்கும், மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. எவ்வளவு புளிக்க வைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. கம்பை மாவாக வாங்காதீர்கள். தானியமாக வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தியோ மிக்ஸியில் ஓட்டியோ புடைத்து, அன்றைக்கு வேண்டிய நொய்யையும் மாவையும் அன்றைக்கே எடுங்கள். மில்லுக்குக் கொடுத்தால் சூடாக வரும் மாவை டப்பாவில் அடைக்காமல் வேட்டியில் பரப்பி ஆற்றுங்கள்.

கம்பு விஷயத்தில் இன்னொன்று. கதிரில் தேன் ஒழுகல் நோய் தாக்கிய கம்பில், மணிக்குப் பதிலாகக் கறுத்து நீண்ட பூசணக் கட்டிகள் கலந்து வரும். எர்காட் எனப்படும் அந்தக் கட்டிகளில் நச்சு உண்டு. வாந்தி, தலைச்சுற்றல், மயக்கத் தூக்கம் வரும். வேக வைப்பதையோ புளிக்க வைப்பதையோ நம்பி அவற்றை உள்ளே விடாதீர்கள். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டினால் கட்டிகள் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கிய கம்பை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். விதைக்காகச் சொல்லப்படும் முறை இது. நேரடியாகக் காட்டிலிருந்து வாங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கும் செய்துகொள்வது நல்லது.

மேலே ஆடை, நடுவே நூல்

வெள்ளையாக, மெல்லியதாக, சுருக்கம் விழுந்த ஆடை மேலே படர்ந்தால் அது காட்டு ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வழித்து எடுத்துவிட்டுக் குடிக்கலாம், உறைக்கு மட்டும் அந்தப் பானையை வைக்காதீர்கள். பஞ்சு மாதிரி எழுந்து நின்று பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் காட்டினால் அது பூஞ்சணம். மேலே வழித்தெடுத்துப் பயனில்லை, அதன் வேரும் நஞ்சும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். மொத்தத்தையும் கொட்டுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

கரண்டியைத் தூக்கினால் நூல் விடுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். லூகோனோஸ்டாக் அளவுக்கு மீறிப் பெருகி சர்க்கரையிலிருந்து பிசின் தயாரித்திருந்தால் கொழகொழப்பு வரும், ஆனால் புளிப்பு வாசனை மாறாது. அது உணவுக்குக் கேடில்லை. கொழகொழப்போடு கெட்ட வாடை சேர்ந்து, புளிப்பே இல்லாமல் இருந்தால் பேசில்லஸ் வகைகள் முந்திவிட்டன. கொட்ட வேண்டியதுதான். மூக்கை நம்புங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

காடி வாடை அடித்தால் நேரமும் காற்றும் அதிகம். வாந்தி வாடை அடித்தால் அழுக்கும் சூடும் அதிகம். முதலாவதற்கு அகன்ற வாயுள்ள பாத்திரத்தை விட்டுக் குறுகிய வாய்ப் பானைக்கு மாறி, இரண்டு மணி நேரம் முன்னதாக எடுங்கள். இரண்டாவதற்குப் பானையையே விசாரிக்க வேண்டும்.

பானை

மண்பானை நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன் என்றால், ஈரம் அதன் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருப்பது வெளி வெயிலைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். சித்திரையில் அந்தச் சில டிகிரிதான் கூழைக் காப்பாற்றுகிறது. அதே துளைகளில் நம் பாக்டீரியாவும் குடியிருக்கும், ஆகாதவையும் குடியிருக்கும். சோப்பு போடாமல் வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். வாந்தி வாடை ஒருமுறை ஏறிய பானையில் வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்க வைத்துப் பாருங்கள். மறுமுறையும் வாடை வந்தால் அதைப் பூச்செடிக்குக் கொடுத்துவிடலாம். பளபளக்கும் வண்ணப் பூச்சுள்ள அலங்காரப் பானைகள் கூழுக்கு ஆகாது, பூச்சில் ஈயம் இருக்கலாம்.

எவர்சில்வர் குற்றமில்லை. அலுமினியத்தில் காய்ச்சலாம், ஆனால் புளித்ததை அதில் இரவு முழுக்க வைக்கக் கூடாது. பூச்சுப் போன பித்தளை, செம்பு பக்கமே போகாதீர்கள். அமிலம் செம்பைக் கரைத்து இழுத்து வரும், வீடு முழுக்க வாந்தி எடுக்கும்.

ஆடி மாதத்து அண்டா

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி ஞாயிறுகளில் ஒரு தெருவுக்கே வயிறு கெடுவதற்கு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. நாலு பேர் வீட்டுச் சட்டி இரண்டு மணி நேரத்தில் ஆறும். பத்துக் கிலோ மாவு போட்ட அண்டா ஆறாது. ஓரம் தொட்டால் வெதுவெதுப்பு, நடுவே விடிகாலை வரை சூடு. கொதித்தாலும் சாகாத விதைகளாகத் தங்கும் கிருமிகள் உண்டு. பேசில்லஸ் செரியஸ் அதில் ஒன்று. அது முளைத்துப் பெருகத் தோதான வெதுவெதுப்பு இப்படி இரவு முழுவதும் நீடிக்கிறது. அது விடும் வாந்தி நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆகவே "காலையில் ஒரு கொதி விட்டுக்கலாம்" என்பது தீர்வாகாது.

தீர்வு எளிது. இறக்கியதும் கூழை நாலைந்து சிறு குண்டான்களுக்கு மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்துக் கிண்டிக் கிண்டி ஆற்றுங்கள். வெதுவெதுப்புக்கு வந்ததும் ஒவ்வொன்றிலும் பழங்கூழை ஊற்றுங்கள். பத்துக் கிலோவுக்கு ஒரு கரண்டி போதாது, இரண்டு மூன்று லிட்டர் வேண்டும். கரைக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிய கூழில் லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். பீர் தயாரிப்பிலும் கொதித்த சாற்றை எவ்வளவு வேகமாகக் குளிர வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. அதற்கென்றே செப்புக் குழாய்ச் சுருளை உள்ளே விட்டுத் தண்ணீர் ஓட்டுவார்கள். நமக்குத் தொட்டியும் துடுப்பும் போதும்.

முளைமாவு: உதவியும் தொல்லையும்

கூழ் கல்லாக இறுகிவிட்டதா? கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஈரத் துணியில் கட்டி ஒன்றரை நாள் முளைக்க விட்டு, வெயிலில் காய வைத்து, முளையைத் தேய்த்து உதறி அரைத்த மாவில் ஒரு கரண்டியை 60, 65 டிகிரிச் சூட்டில் இருக்கும் கூழில் கலக்குங்கள். சில நிமிடத்தில் அது இளகி ஓடும். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரை ஆக்குகிறது. கொதிக்கும் கூழில் போட்டால் நொதி செத்துவிடும், பலன் இராது. கலந்தபின் ஒரு கொதி விட்டுவிடுங்கள், இல்லையேல் இளகுவது நிற்காது. சத்தும் கூடுகிறது: கேழ்வரகில் நூறு கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, அதை உடம்புக்குத் தராமல் பிடித்து வைக்கும் பைட்டேட் முளைப்பதிலும் புளிப்பதிலும் குறைகிறது.

தொல்லை என்னவென்றால், பார்லியை முளைக்க வைத்து அதே சூட்டில் இதே நொதியால் சர்க்கரை ஆக்குவதுதான் பீரின் முதல் கட்டம். முளைமாவு தாராளமாகப் போட்ட கூழில் சர்க்கரை மிகுந்து, ஈஸ்ட்டுக்கு விருந்தாகும். இரண்டாம் நாள் தலை லேசாகச் சுற்றினால் ஆச்சரியமில்லை. ஒரு கரண்டியோடு நிறுத்தி, அன்றைக்கே குடித்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் முளைமாவைப் புளிக்க வைக்காமல் கஞ்சியாகவே காய்ச்சுங்கள்.

வயலுக்குக் கூழ் கொண்டுபோகிறவர்களுக்கும் இதையொட்டி ஓர் எச்சரிக்கை. கரைத்த கூழை பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, இறுக்க மூடி, வண்டியின் டாங்க் கவரில் வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் என்றால் திறக்கும்போது சட்டை நனையும். கண்ணாடி என்றால் வெடிக்கும்.

மெத்தனால் பயம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்த பிறகு, "புளிச்ச கூழ்லயும் அது வருமா?" என்ற கேள்வி இந்தப் பக்கத்து வீடுகளில் எழுந்தது. வராது. தானியம் புளிக்கும்போது மெத்தனால் உண்டாவது பொருட்படுத்தும் அளவில் இல்லை. பழங்களின் பெக்டினிலிருந்து துளி வரும், அவ்வளவுதான். உயிரை எடுத்தது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அதை நிறத்தாலும் மணத்தாலும் தீக்குச்சி கொளுத்திப் பார்த்தும் அடையாளம் காண முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாமல், அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்று வலியும் கண் மங்கலும் வரும். கண் மங்கினால் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, நேரே அரசு மருத்துவமனை. டயாலிசிஸும் மாற்று மருந்தும் நேரத்தோடு கிடைத்தால் கண்ணும் உயிரும் தப்பும்.

கடல் கடந்தவர்களின் பீர்

சிங்கப்பூரில் பதினெட்டு வயது நிரம்பியவர் வீட்டுக் குடிக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963-இலேயே வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. வடித்தெடுக்கும் சாராயத்துக்கு இரண்டு இடத்திலும் அனுமதி கிடையாது. அங்கிருந்து இந்தப் புத்தகத்தை வாங்கிப்போகும் மச்சான்களுக்குச் சொல்வது இவ்வளவு.

சிங்கப்பூரின் முதல் எதிரி வெக்கை. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி பிடிக்கும். 30 டிகிரியில் விட்டால் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டையை எரிக்கும் கனத்த ஆல்கஹாலும் வரும். வாளியை ஈரத் துண்டால் சுற்றி விசிறிக் காற்றில் வைப்பது ஒரு வழி. நார்வே பண்ணை வீடுகளின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும், அதை வாங்குவது அதைவிடச் சுலபம். மருந்துக்கடை வாடை வந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையைத் தூளாக்கிச் சிட்டிகை போட்டால் தீரும். பச்சை ஆப்பிள் வாடை என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். வெண்ணெய் வாடை என்றாலும் ஏறக்குறைய அதே கதை, ஈஸ்ட்டோடு இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் அதுவே தன் எச்சத்தைத் தின்றுவிடும். நனைந்த அட்டை வாடை வந்தால் ஊற்றும்போது காற்றுக் கலந்திருக்கிறது, அதற்கு மருந்து இல்லை. பச்சை பாட்டிலை வெளிச்சத்தில் வைத்தால் ஹாப்ஸ் கெட்டு நாறும், பழுப்பு பாட்டிலை வாங்குங்கள்.

பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நிற்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு ஆறேழு கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அலமாரிக்குள் வெடிக்கும்.

மீந்த கூழ்

மூன்றாம் நாள் கூழ் பெரும்பாலும் குடிக்க முடியாத புளிப்பில் இருக்கும். கெட்ட வாடையும் பூஞ்சணமும் இல்லாதவரை அதைக் கொட்ட வேண்டாம். அடுப்பில் ஏற்றி மறுபடி கெட்டியாகக் கிண்டி, உப்பு, சீரகம், இடித்த பச்சை மிளகாய், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் போட்டு, வெள்ளை வேட்டியில் சிறு சிறு வில்லைகளாகக் கிள்ளி வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்து, இன்னொரு நாள் காய வைத்து டப்பாவில் போட்டால் அடுத்த மழைக்காலம் வரை கூழ் வடகம் இருக்கும். புளிப்பு கூடின கூழில்தான் வடகம் நன்றாகப் பொரியும்.

ஊருக்குப் போகிறவர்கள் உறைக்கு ஒரு டம்ளர் கூழைத் தனியே எடுத்து, மூடியைத் தளர வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வாரம் தாங்கும். திரும்பி வந்ததும் கொஞ்சம் மாவில் ஊற்றிப் புளிக்க வைத்துப் பாருங்கள். பொடிக் குமிழ் வந்து வாசனை சுத்தமாக இருந்தால், அதிலிருந்து எடுத்துப் பெரிய பானைக்கு விடுங்கள்.